முதலில் லைன், பிறகுதான் ராடு

வாசகர் கேள்வி பதில்

வெளிநாட்டுக் கடற்கரைகளில் ஃப்ளை ஃபிஷிங், அதாவது இறகும் ரோமமும் முள்ளில் கட்டிய ஃப்ளையை வீசி மீன் பிடிப்பது பற்றி இந்த மாதம் நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. மஸ்கட்டில் வேலை பார்த்த காலத்தில் இதைக் கற்றுக்கொண்டு, இப்போது திருவான்மியூரில் குடியிருக்கும் எனக்கு இதைவிட மகிழ்ச்சியான கடிதக் கட்டு வந்துவிட முடியாது. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, பொதுவாகப் பயன்படுபவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் பல வருடங்களாக இறால் கோத்தும், செயற்கை மீன் கட்டியும் தூண்டில் போட்டு வருகிறேன். பிப்ரவரியில் குடும்பத்தோடு ஒரு வாரம் மாலத்தீவு போகிறோம். அங்கே கரையில் நின்று ஃப்ளை போட்டுப் பார்க்க ஆசை. ஒரு நண்பர் 8 வெயிட் ராடு போதும் என்கிறார். இன்னொருவர் 12 இல்லாமல் போகவே கூடாது என்கிறார். கையில் பணம் அளவாகத்தான் இருக்கிறது. எதை வாங்குவது?
- பெரம்பூர் வாசகர்

பதில்: 9 வெயிட் ராடு ஒன்று வாங்குங்கள். 9 அடி நீளம், நான்கு துண்டாகக் கழற்றக்கூடியது. உங்கள் கேள்விக்கு நேரான பதில் அதுதான். ஆனால் ராடிலிருந்து கணக்குப் போட ஆரம்பித்தால் பணம் தவறான இடத்துக்குப் போய்விடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் இதுவரை பழகிய வீச்சில் ஈயமோ செயற்கை மீனோ தன் எடையால் பறக்கும், நரம்பு அதன் பின்னால் இழுபட்டுப் போகும். ஃப்ளையில் இது தலைகீழ். முள்ளில் கட்டிய இறகுக்கும் ரோமத்துக்கும் எடை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. பறப்பது லைன். மேலே பிளாஸ்டிக் பூச்சுள்ள தடித்த கயிறு அது. சாட்டை போலக் காற்றில் சுருள் அவிழ்ந்து, நுனியில் இருக்கும் ஃப்ளையைக் கொண்டுபோய் இறக்குகிறது. 8 வெயிட், 9 வெயிட் என்பதெல்லாம் இந்த லைனின் கனத்தைச் சொல்லும் எண்கள்தாம். லைனின் முதல் 30 அடியை எடைபோட்டு அந்த எண்ணைத் தருகிறார்கள். 5 வெயிட் என்றால் 140 கிரெயின், அதாவது 9 கிராம். 8 வெயிட் 210 கிரெயின், 13.6 கிராம். 9 வெயிட் 240 கிரெயின், 15.5 கிராம். 12 வெயிட் 380 கிரெயின், கிட்டத்தட்ட 25 கிராம். ராடின் மேல் அச்சிட்டிருக்கும் எண், அது எந்த லைனை வீசுவதற்காகச் செய்யப்பட்டது என்பதைக் காட்டுகிறது. ஆகவே முதலில் லைனை முடிவு செய்யுங்கள். ராடு அதன் பின்னால் வரட்டும்.

அந்த லைன் வெப்பக் கடலுக்கென்று செய்ததாக இருக்க வேண்டும். ட்ரவுட் மீனுக்காகக் குளிர்நாட்டு ஆறுகளில் பயன்படுத்தும் லைனின் பூச்சு மென்மையானது. 30 டிகிரி வெயிலில் அது இளகி, ராடின் வளையங்களில் ஒட்டிக்கொண்டு, வீசும்போது வழுக்கிப் போகாது. டிராபிகல் லைனின் உள் இழையும் பூச்சும் விறைப்பானவை. சூட்டிலும் நிமிர்ந்து நிற்கும். அதே லைனைக் குளிர்ந்த நீரில் போட்டால் சுருள் சுருளாக நிற்கும் என்பதால் இரண்டுக்கும் ஒரே லைன் உதவாது. ரியோ, சயன்டிஃபிக் ஆங்லர்ஸ் போன்ற கம்பெனிகள் போன்ஃபிஷ் லைன், டிராபிகல் லைன் என்ற பெயர்களில் விற்கின்றன. மிதக்கும் வகை, முன்பக்கம் கனமானது, 9 எண். வெளிநாட்டு விலையில் 80 முதல் 130 டாலர் வரை ஆகும். ஒரு கயிறுக்கு இவ்வளவா என்று மனம் சுணங்கும். சுணங்காமல் வாங்குங்கள். ஆயிரம் டாலர் ராடில் மலிவான லைனைக் கட்டி வீசுபவரைவிட, 200 டாலர் ராடில் நல்ல லைன் கட்டியவர் காற்றில் நன்றாக வீசுவார்.

இனி 8-ஆ, 12-ஆ என்ற சண்டை. மாலத்தீவுக் கரையில் நிற்பவருக்குக் கிடைக்கக்கூடியவை நீலத் துடுப்புப் பாறை மீன், கிளாத்தி, முரல், சிறு கலவா, ஷீலா. மணல் திட்டுகள் உள்ள சில இடங்களில் போன்ஃபிஷ். இவை எல்லாவற்றுக்கும் 9 போதும். போன்ஃபிஷ் மட்டும் என்றால் 8 இன்னும் இனிமையாக இருக்கும். ஆனால் காற்று எழும்போதும், எடை வைத்துக் கட்டிய ஃப்ளையை வீசும்போதும் அந்தக் கூடுதல் 2 கிராம் கைகொடுக்கும். 12 என்பது ஜெயன்ட் டிரெவாலி எனப்படும் பெரிய பாறை மீனுக்கானது. அது வந்தால் 9 வெயிட்டில் நிறுத்த முடியாது, உண்மை. அதற்காக வாரம் முழுக்க 12 வெயிட்டைத் தூக்கி வீசினால், புதிதாகப் பழகுபவரின் தோள்பட்டை இரண்டாம் நாளே வலிக்கத் தொடங்கும்; வீச்சும் கெடும். அந்த மீனை மட்டுமே தேடிப் போகும் பயணம் வேறு, குடும்பத்தோடு போய்க் காலையும் மாலையும் கரையில் நிற்கும் பயணம் வேறு. உங்களுடையது இரண்டாவது.

ரீலில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். டிராக், அதாவது மீன் ஓடும்போது லைனைத் தடுத்துப் பிடிக்கும் பிரேக், உப்பு நீர் புகாதபடி மூடியிருக்க வேண்டும். லைனுக்கு அடியில் 30 பவுண்டு இழுவை தாங்கும் பேக்கிங் நூல் சுமார் 200 மீட்டர் கொள்ள வேண்டும். நீலத் துடுப்புப் பாறை முள் பட்டதும் நேராகப் பவளப் பாரின் விளிம்பை நோக்கி ஓடும். அந்த ஓட்டத்தில் டிராக் திக்கித் திக்கிச் சுற்றினால், லைனுக்கும் ஃப்ளைக்கும் நடுவில் கட்டிய நரம்பான லீடர் அறுந்துவிடும். பணம் அளவாக இருப்பதால் வரிசை இப்படி இருக்கட்டும்: லைனில் மிச்சம் பிடிக்காதீர்கள், அடுத்து ரீலின் டிராக், மீதிப் பணத்துக்கு ராடு. ராடில் பார்க்க வேண்டியது, வளையங்கள் துருப்பிடிக்காதவையா, கைப்பிடிக்குக் கீழே வயிற்றில் ஊன்றிக்கொள்ளச் சிறு குமிழ் இருக்கிறதா என்பவைதாம்.

பணம் கட்டுவதற்கு முன் இன்னொன்று. மாலத்தீவில் பல ரிசார்ட்டுகள் தங்கள் கரையை ஒட்டிய பவளப் பாரில் தூண்டில் போட அனுமதிப்பதில்லை. அங்கே விருந்தினர்கள் நீந்துகிறார்கள், மீன் பார்க்கிறார்கள், நியாயமான தடைதான். அறை பதிவு செய்வதற்கு முன்பே எழுதிக் கேளுங்கள். மக்கள் வசிக்கும் தீவுகளில் உள்ள விருந்தினர் விடுதிகளில் தங்கினால் இடம் கிடைப்பது எளிது. அங்கேயும் எந்தப் பகுதி பாதுகாக்கப்பட்டது என்று ஊர்க்காரர்களிடம் விசாரித்துவிட்டு இறங்குங்கள்.

பிப்ரவரியில் அங்கே வடகிழக்குப் பருவக்காற்று. திவேஹி மொழியில் இருவாய் என்பார்கள். வானம் தெளிந்திருக்கும். நீங்கள் வலக்கையால் வீசுபவர் என்று வைத்துக்கொள்கிறேன். தீவின் தெற்குக் கரையில் கடலைப் பார்த்து நில்லுங்கள். காற்று உங்கள் முதுகுக்கு இடப்புறத்திலிருந்து வரும். லைன் உடலை விட்டு விலகியே பறக்கும், வீச்சுக்கும் காற்று உதவும். வடக்குக் கரையில் நின்றால் அதே காற்று வலப்புற முன்பக்கத்திலிருந்து வந்து முள்ளை உங்கள் காதுக்கே கொண்டுவரும். தீவுகள் சிறியவை, ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நடந்தே போய்விடலாம். அதனால் காலையில் எழுந்ததும் முதல் வேலை காற்றைப் பார்ப்பது.

வீசப் பழகுவதற்குச் சென்னையைவிட நல்ல இடம் தேட வேண்டியதில்லை. நம் கரை கிழக்கு பார்த்தது. குளிர்காலக் காற்று இடப்புறத்திலிருந்து வரும். கோடையில் பகல் ஏறியதும் எழும் கடல்காற்று வலப்புறத்திலிருந்து வரும். இரண்டையும் பழகலாம். வலப்புறக் காற்றுக்கு ஒரு வழி உண்டு. கடலுக்கு முதுகு காட்டி, ஊரைப் பார்த்து நின்று வீசுங்கள். பின்வீச்சில் லைனைக் கடல் பக்கம் விட்டுவிடுங்கள். முதலில் கூச்சமாக இருக்கும், ஒரு வாரத்தில் பழகிவிடும். முள் வேண்டாம், லீடர் நுனியில் சிவப்புக் கம்பளி நூல் ஒரு துணுக்கு போதும். மெரினாவும் எலியட்ஸும் கூட்டம். கொட்டிவாக்கம் பக்கம் விடியற்காலையில் பின்னால் ஆள் இல்லாத இடமாகப் பாருங்கள். சிமென்ட் தரையில் மட்டும் வீசாதீர்கள், லைனின் பூச்சு உரிந்துவிடும். காற்றை எதிர்த்து 15 மீட்டரில் ஒரு பாய் அகலத்துக்குள் ஃப்ளையை இறக்க முடிந்தால் நீங்கள் தயார். 30 மீட்டர் போட வேண்டும் என்று கனவு காண வேண்டாம். ஆழமில்லாத நீரில் மீன் நமக்குத் தென்படுவதே பெரும்பாலும் அதைவிடக் கிட்டத்தில்தான்.

மீன் கடித்ததும் ராடைத் தூக்கி வெட்டும் பழக்கம் உங்களுக்கு எண்ணூரில் ஊறியிருக்கும். அதை அங்கே விட்டுவிடுங்கள். ராடு நுனி தண்ணீரை நோக்கி இருக்க, இடக்கையால் லைனை நீளமாக ஒரு இழுப்பு இழுங்கள். முள் குத்தவில்லை என்றாலும் ஃப்ளை மீனின் முன்னாலேயே கிடக்கும், திரும்பவும் கடிக்கும். ராடைத் தூக்கினால் ஃப்ளை பறந்து போய்விடும், மீனும் போய்விடும்.

கேள்வி: இங்கிலாந்தில் படித்தபோது வாங்கிய 5 வெயிட் ஃப்ளை செட் என்னிடம் இருக்கிறது. நீலகிரியில் ட்ரவுட்டுக்குப் பயன்படுத்தியிருக்கிறேன். அடுத்த வருடம் செஷல்ஸ் போகும்போது இதையே எடுத்துப் போகலாமா?
- அடையாறு வாசகி

பதில்: வேண்டாம். உங்கள் லைனின் கனம் 9 கிராம். கடல்காற்றில் அது எடுபடாது. ட்ரவுட் ரீல்கள் பலவற்றில் டிராக் மூடியிருக்காது, உப்பு உள்ளே போய் இறுகிவிடும். செஷல்ஸின் வெளித்தீவுகளில், அல்ஃபோன்ஸ் போன்ற இடங்களில், போன்ஃபிஷ் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெரிய பாறை மீன் குறுக்கே வரும். அங்கே போகிறவர்கள் கையில் 9-உம், முதுகில் தயாராக 12-உம் வைத்துக்கொண்டு நடப்பது அதனால்தான். ஒரு பயணத்துக்காக இரண்டும் வாங்குவது பெரிய செலவு. அந்தத் தீவுகளின் விடுதிகளில் பெரிய ராடு வாடகைக்குக் கிடைக்குமா என்று முன்கூட்டியே கேளுங்கள். 9 மட்டும் சொந்தமாக இருக்கட்டும். 5 வெயிட்டை விற்றுவிடாதீர்கள். அதில் வீசக் கற்றவர் கை 9-க்குச் சீக்கிரம் பழகும். மணிக்கட்டை மடக்காமல் முழங்கையால் வீசுவது இரண்டுக்கும் பொது. இடக்கையால் லைனை இழுத்து வேகம் கூட்டும் இரட்டை இழுப்பை மட்டும் புதிதாகப் பழகிக்கொள்ளுங்கள், கடலில் அது இல்லாமல் முடியாது.

கேள்வி: காசிமேட்டில் நைலான் நரம்பு மலிவாகக் கிடைக்கும்போது, லீடருக்கு ஃப்ளூரோகார்பன் என்று பத்து மடங்கு விலை கொடுக்க வேண்டுமா?
- கோவளம் வாசகர்

பதில்: பாதி வேண்டும், பாதி வேண்டாம். லீடர் என்பது லைன் முனைக்கும் ஃப்ளைக்கும் நடுவில் வரும் 9, 10 அடி. அதில் லைனை ஒட்டிய தடித்த பகுதிக்கு 50 பவுண்டு நைலான் நரம்பு தாராளமாகப் போதும். விறைப்பாக இருப்பதைப் பார்த்து எடுங்கள். நுனியில் வரும் இரண்டு மூன்று அடிக்குத்தான் ஃப்ளூரோகார்பன். அது தண்ணீரில் தெரியாது என்பதைத்தான் விளம்பரங்கள் பெரிதாகச் சொல்கின்றன. ஒளி விலகல் எண் தண்ணீருக்கு 1.33, ஃப்ளூரோகார்பனுக்குச் சுமார் 1.42, நைலானுக்கு 1.5-க்கு மேல், ஆகவே அதில் உண்மை உண்டு. ஆனால் நான் அதை வாங்குவதற்குக் காரணம் வேறு. பவளத்தில் உரசினால் நைலானைவிடத் தாங்கும், தண்ணீர் குடித்து இளகாது, சீக்கிரம் மூழ்கும். தண்ணீருக்கு மேலே சத்தம் போட்டு ஓடும் மிதவை ஃப்ளை கட்டும்போது மட்டும் இந்த மூழ்கும் குணம் இடைஞ்சல். அப்போது நைலானே கட்டுங்கள்.

போன்ஃபிஷுக்கு 16 முதல் 20 பவுண்டு, பாறை மீனுக்கு 30 முதல் 40. கிளாத்திக்குப் பல் பலம், 20-க்குக் கீழே போக வேண்டாம்.

விலையைவிட முடிச்சு முக்கியம். முடிச்சை எச்சிலில் நனைத்து மெதுவாக இறுக்குங்கள். காய்ந்த நரம்பை இறுக்கினால் சூட்டில் பலம் குறையும். சோதிக்க வீட்டிலேயே வழி இருக்கிறது. 20 லிட்டர் தண்ணீர் கேனில் 8 லிட்டர் ஊற்றுங்கள், கேனோடு சேர்த்து 9 கிலோவுக்குச் சற்றுக் குறையும். 20 பவுண்டு என்பது 9 கிலோ. பழைய முள் ஒன்றில் உங்கள் முடிச்சைப் போட்டு, அந்த முள்ளைக் கேனின் கைப்பிடிக் கயிற்றில் மாட்டி, நரம்பை ஒரு கட்டையில் சுற்றிக்கொண்டு தரையிலிருந்து ஒரு அங்குலம் மட்டும் மெல்லத் தூக்குங்கள். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். தாங்கினால் அந்த முடிச்சு கடலுக்குப் போகலாம். பெட்டி எடை பார்க்கும் சிறு தராசை லைனில் மாட்டி இழுத்து, ரீலின் டிராக்கை இரண்டு கிலோவுக்குச் சற்று மேலே வைத்துவிடுங்கள்.

கேள்வி: ஓமானின் சலாலாவில் வேலை கிடைத்திருக்கிறது. கடல் பக்கத்திலேயே வீடு. அங்கே கரையில் ஃப்ளை போட என்ன வேண்டும்?
- தண்டையார்பேட்டை வாசகர்

பதில்: கொடுத்துவைத்தவர் நீங்கள். ஜூன் பாதியிலிருந்து செப்டம்பர் வரை அங்கே கரீஃப், தென்மேற்குப் பருவம். மலையெல்லாம் பச்சையாகிவிடும், கடல் கொந்தளிக்கும். அந்த மாதங்களில் கரைப் பாறைகளின் பக்கமே போகாதீர்கள். அலை அடங்கிய பிறகு மிர்பாத், ஹாசிக் வரை நீளும் தோஃபார் கரை முழுக்க உங்களுக்குத்தான். பெர்மிட் என்று ஃப்ளைக்காரர்கள் கொண்டாடும் மீனின் இந்துமாக்கடல் இனம் ஒன்று அந்தக் கரையில் அலை உடையும் இடத்துக்கே நண்டு தேடி வரும். இதற்கென்றே வெளிநாடுகளிலிருந்து ஆட்கள் வருகிறார்கள்.

மாலத்தீவு போகும் வாசகருக்குச் சொன்னதிலிருந்து உங்களுக்கு இரண்டு மாற்றங்கள். ராடு 10 வெயிட். மிதக்கும் லைனோடு, மெதுவாக மூழ்கும் இன்டர்மீடியட் லைன் ஒன்றும் தனிச் சுருளில் வைத்துக்கொள்ளுங்கள். மிதக்கும் லைனை ஒவ்வொரு அலையும் தூக்கித் தூக்கிப் போடும், ஃப்ளையோடு நமக்குத் தொடர்பே இருக்காது. இன்டர்மீடியட் அலைக்குக் கீழே இறங்கிவிடுவதால் மீன் தொட்டாலே விரலில் தெரியும். பெர்மிட் ஆழமில்லாத இடத்தில் கண்ணுக்குத் தெரியும்போது மிதக்கும் லைன், நண்டு ஃப்ளை.

இடுப்பில் கட்டிக்கொள்ளும் லைன் கூடை இல்லாமல் போகாதீர்கள். இழுத்த லைன் காலடியில் விழுந்தால் அலை அதைப் பாறை இடுக்கில் செருகிவிடும். கடையில் வாங்கத் தேவையில்லை. நம் பாத்திரக் கடைகளில் கிடைக்கும் ஆழமான செவ்வகப் பிளாஸ்டிக் டப் ஒன்று எடுங்கள். அடியில் தண்ணீர் வடிய ஓட்டைகள் போட்டு, கேபிள் கட்டும் பட்டைகளை அடியிலிருந்து நிமிர்ந்து நிற்கும்படி எட்டுப் பத்து செருகிவிடுங்கள். லைன் அவற்றுக்கிடையில் சிக்கலில்லாமல் அடங்கும். ஒரு பெல்ட்டில் கோத்துக்கொண்டால் முடிந்தது. நான் ஓமானில் பயன்படுத்தியது இப்படிச் செய்ததுதான், இன்றும் திருவான்மியூர் கரைக்கு அதுவே வருகிறது. தூண்டில் உரிமம் பற்றி வேலைக்குச் சேர்ந்ததும் அங்கேயே விசாரித்துவிடுங்கள்.

கேள்வி: என் 14 வயது மகன் அவன் மாமாவோடு மொரிஷியஸ் போய்க் கடலில் இறங்கி நடந்து ஃப்ளை போடப் போகிறானாம். எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன வாங்கிக் கொடுத்து அனுப்பட்டும்?
- வேளச்சேரி வாசகி

பதில்: அம்மா, ராடைப் பற்றி மாமா பார்த்துக்கொள்வார். நீங்கள் காலையும் கண்ணையும் பாருங்கள்.

ரப்பர் செருப்பு, கேன்வாஸ் ஷூ இரண்டும் உதவாது. அடிப்பாகம் தடித்து, கணுக்கால் வரை மூடும் பூட் வேண்டும். பவளம் அறுக்கும், கடல் முள்ளெலியின் முள் துளைக்கும், கல்மீன் மணலோடு மணலாகப் பதுங்கிக் கிடக்கும். கல்மீனின் முதுகு முள்ளில் விஷம். வலி தாங்க முடியாததாக இருக்கும். திருக்கையும் மணலுக்குள் புதைந்திருக்கும். அதனால் காலைத் தூக்கி வைத்து நடக்காமல் மணலில் தேய்த்துத் தேய்த்து நடக்கச் சொல்லுங்கள். அதிர்வு தெரிந்தால் திருக்கை விலகிப் போய்விடும். கல்மீனோ திருக்கையோ குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய அளவு சூடான நீரில், சுமார் 45 டிகிரி, காலை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை வைத்திருப்பது வலியைக் குறைக்கும். குத்துப்பட்ட கால் சூட்டைச் சரியாக உணராது, அதனால் சூட்டை அடுத்தவர் கையால் பார்க்க வேண்டும். உடனே மருத்துவமனைக்கும் கிளம்ப வேண்டும். இதை மாமாவுக்கும் சொல்லிவிடுங்கள். கூம்பு வடிவச் சங்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் கையில் எடுக்கக் கூடாது. உயிரோடு இருந்தால் அதுவும் கொட்டும், உயிருக்கே ஆபத்து.

கண்ணுக்கு போலரைஸ்டு கண்ணாடி. நீரின் மேல் மின்னும் வெளிச்சத்தை அது வெட்டுவதால் மீன் தெரியும். அதைவிட முக்கியம், பின்னாலிருந்து பறந்து வரும் முள்ளிலிருந்து கண்ணைக் காப்பாற்றும். ஆழமில்லாத மணலுக்குச் செம்பு நிறம் அல்லது தேன் நிறக் கண்ணாடி நல்லது. அவன் பவர் கண்ணாடி போடுபவன் என்றால் அதே பவரில் போலரைஸ்டு செய்து தருவார்கள், கடைக்காரரிடம் கேளுங்கள். முழுக்கைச் சட்டை, விளிம்புள்ள தொப்பி. எல்லா முள்ளிலும் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிடச் சொல்லுங்கள். அப்படிச் செய்த முள் தோலில் ஏறினாலும் வந்த வழியே கழன்று வந்துவிடும், மீனுக்கும் காயம் குறைவு.

கொசு விரட்டிக் களிம்பில் டீட் இருந்தால் அது ஃப்ளை லைனின் பூச்சைக் கரைக்கும். தடவிய கையைக் கழுவிவிட்டுத்தான் லைனைத் தொட வேண்டும்.

கேள்வி: எந்தெந்த ஃப்ளை எடுத்துப் போவது? வீட்டிலேயே கட்ட முடியுமா?
- சைதாப்பேட்டை வாசகர்

பதில்: கட்டுங்கள், அதுதான் இந்தக் கலையில் பாதி சந்தோஷம். வெப்பக் கடலுக்கு மூன்று வகை இருந்தால் போதும்.

முதலாவது கிளவுசர் மின்னோ. பென்சில்வேனியாவைச் சேர்ந்த பாப் கிளவுசர் 1980-களில் ஆற்று மீனுக்காகக் கட்டியது, இன்று உலகம் முழுக்கக் கடலில் ஓடுகிறது. முள்ளின் கழுத்தில் கனமான இரண்டு உலோகக் கண்கள், மேலும் கீழும் ரோமம். அவர் மான்வால் ரோமம் வைத்தார். நாம் செயற்கை ரோமம் வைக்கலாம், நல்ல நீளமான வெள்ளாட்டு ரோமமும் நன்றாக நிற்கும். வெள்ளையோடு இளம்பச்சை, வெள்ளையோடு பழுப்பு என இரு நிறத்தில், 1/0, 2 எண் முள்ளில். இரண்டாவது கிரேஸி சார்லி. பஹாமாஸின் ஆண்ட்ரோஸ் தீவில் வழிகாட்டியாக இருந்த சார்லி ஸ்மித்தின் பெயரைத் தாங்கியது. போன்ஃபிஷுக்கு இறால் குஞ்சாகத் தெரியும். முள் 4, 6. இதற்குக் கண்ணாக வைப்பது மணிச் சங்கிலி, சாவிக்கொத்தில் வருகிறதே அந்தக் குட்டி உருண்டைச் சங்கிலி. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், இரண்டு உருண்டையாக வெட்டிக்கொள்ளுங்கள். உடலுக்குப் பளபளப்பு வேண்டும். தி.நகர் தையல் சாமான் கடைகளில் வெள்ளிச் சரிகை நூல் விற்கிறார்களே, அது போதும். மூன்றாவது, கிளாத்திக்கும் பெர்மிட்டுக்கும் ஒரு நண்டு ஃப்ளை. இது மட்டும் கட்டக் கொஞ்சம் கடினம், முதல் பயணத்துக்கு வாங்கிவிடுங்கள்.

முள்ளில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். உப்பு நீருக்கான, தடித்த கம்பியில் செய்த முள்ளாக இருக்கட்டும். கிளாத்தி மெல்லிய முள்ளைக் கடித்தே நசுக்கிவிடும்.

கேள்வி: விமானத்தில் ராடைக் கையில் எடுத்துப் போக விடுவார்களா?
- குரோம்பேட்டை வாசகர்

பதில்: நான்கு துண்டு ராடின் குழல் 75 சென்டிமீட்டருக்கு மேல் வரும். கைப்பெட்டிக்கான அளவு பொதுவாக 55 சென்டிமீட்டர். ஆகவே பெரிய பெட்டியில் மூலைவிட்டமாக வையுங்கள், சுற்றிலும் துணி அடையுங்கள். முள், ஃப்ளை, குறடு, கத்தரி எல்லாமே பெரிய பெட்டியில்தான் போக வேண்டும். ரீலும் லைனும் கைப்பெட்டியில் இருக்கலாமா என்று விமான நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள். பெட்டி தாமதமானால் ராடு இரவல் கிடைக்கும், நமக்குப் பழகிய ரீல் கிடைக்காது. திரும்பும்போது ரீலையும் ராடின் வளையங்களையும் நல்ல தண்ணீரில் அலசி, டிராக்கைத் தளர்த்தி, காய வைத்தே கட்டுங்கள். குழாயை வேகமாகத் திறந்து பீய்ச்சினால் உப்பு உள்ளே போய்விடும். மெல்ல நனையட்டும்.

கேள்வி: பிடித்த மீனை விட்டுவிட வேண்டும் என்கிறார்கள். மாலத்தீவில் நல்ல கலவாவோ ஷீலாவோ மாட்டினால் விடுதியில் கொடுத்துச் சமைக்கச் சொல்லக் கூடாதா?
- ராயபுரம் வாசகர்

பதில்: ராயபுரத்துக்காரர் கேட்பது நியாயம். மீனைச் சாப்பிடுவதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. ஆனால் பவளப் பார்களில் வாழும் பெரிய மீன் என்றால் ஒரு எச்சரிக்கை உண்டு. அங்கே செத்த பவளத்தின் மேல் படரும் பாசியில் ஒரு நுண்ணுயிர் இருக்கிறது. பாசியைத் தின்னும் சிறு மீன், அதைத் தின்னும் நடுத்தர மீன், அதையும் தின்னும் கலவா, ஷீலா, பெரிய பாறை என்று அதன் நச்சு ஏறிக்கொண்டே போய்ச் சேரும். சிகுவாட்டெரா என்று பெயர். வாசனையில் தெரியாது, ருசியில் தெரியாது, வேக வைத்தாலும் பொரித்தாலும் உறைய வைத்தாலும் போகாது. சாப்பிட்டவருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு, உதடும் விரலும் மரத்துப்போவது. குளிர்ந்த தண்ணீர் தொட்டால் சுடுவதாகத் தோன்றும். சிலருக்கு வாரக்கணக்கில் நீடிக்கும். மீன் பெரிதாகப் பெரிதாக ஆபத்தும் கூடும்.

அதனால் பெரிய கலவாவையும் ஷீலாவையும் கையை நனைத்துக்கொண்டு, தண்ணீரிலிருந்து முழுக்கத் தூக்காமல், முள்ளைக் கழற்றி விட்டுவிடுங்கள். அது அந்தப் பாரிலேயே இருக்கும் மீன், நாளை இன்னொருவருக்கு வரும். சாப்பிட ஆசை என்றால் விடுதிக்காரரிடம் சூரை கேளுங்கள். மாலத்தீவுக்காரர்கள் ஆழ்கடலில் கழியும் தூண்டிலுமாக ஒவ்வொன்றாகப் பிடித்துவருவது அது. பாரில் மேயாத மீன் என்பதால் இந்த நச்சுக்கு அஞ்ச வேண்டியதில்லை. காலையில் அதில் தேங்காய், வெங்காயம், மிளகாய் போட்டு மாஸ் ஹுனி செய்து ரொட்டியோடு கொடுப்பார்கள்.